வளவில் ஆடும் தனிச்சீட்டு: கைப்பேசியிலும் கணினியிலும் சாலிடேர்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் நின்றால் கைப்பேசிக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கும். பட்டாலை என்னும் முன்கூடத்தைக் கடந்து, வானம் பார்த்த நடுமுற்றமான வளவுக்குள் வந்தால் அது பாதியாகக் குறையும். அதற்கும் பின்னாலுள்ள இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டால் அறவே இராது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கனத்த சுவர்கள் வெயிலைத் தடுப்பது போலவே சிக்னலையும் தடுத்துவிடுகின்றன. 82 வயதான என் ஆத்தா பகற்பொழுதைக் கழிப்பது அந்த இரண்டாம் கட்டில்தான் என்பதால், சாலிடேர் ஆட்டங்களில் நான் முதலில் சோதித்தது இணையம் இல்லாத இடத்தில் அவை திறக்கின்றனவா, தடையின்றி ஓடுகின்றனவா என்பதைத்தான்.

பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உடன்பிறந்தவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இவ்வளவு பெரிய வீட்டில் ஆத்தாவும் நானும் மட்டுமே வசிக்கிறோம். பல்லாங்குழிக்கு இருவர் வேண்டும், தாயத்துக்கு நால்வர் இருந்தால்தான் களை கட்டும். நான் காரைக்குடிக்குப் போய்த் திரும்பும் நாட்களில் ஆத்தாவுக்கு எதிரில் உட்கார ஆள் கிடையாது. ஒருவரே ஆடக்கூடிய ஆட்டம் ஒன்று அவருக்கு வேண்டும் என்று எண்ணியே, நான்கு மாதங்களாகக் கைப்பேசியிலும் பழைய மடிக்கணினியிலும் சாலிடேர் வகைகளை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். அவர் பொருட்டுத் தொடங்கினேன். இப்போது என் மாலைப் பொழுதும் அதில்தான் கழிகிறது.

தனியே ஆடும் சீட்டு எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. என் ஐயா பினாங்கில் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதல் ஆளுக்கு உதவியாளராக, இருந்தவர். பேரேட்டை மூடிய பின், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் விளக்கு வெளிச்சத்தில் பழகிய ஆட்டத்தை அவர் ஊருக்கும் கொண்டுவந்தார். ஆங்கிலேயர் அதற்கு வழங்கிய ‘பேஷன்ஸ்’ என்ற பெயரையே அவரும் சொல்வார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துண்டை விரித்து அமர்ந்து, கல்லின் கட்டங்களையே கோடாகக் கொண்டு ஏழு வரிசைகளை அவர் பரப்பும் அழகைக் குழந்தையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். வளவின் வானவெளியிலிருந்து காற்று இறங்கினால் சீட்டுகள் புரண்டுவிடும் என்பதற்காக, ஒவ்வொரு வரிசையின் அடியிலும் ஒரு புளியங்கொட்டையை வைப்பார்.

அவர் ஆடியது, இன்று சாலிடேர் என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் நினைக்கும் கிளாண்டைக் வகையே. 52 சீட்டுகளில் 28 சீட்டுகள் ஏழு வரிசைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறுமுகமாக விழும். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும், மற்ற 21 சீட்டுகளும் மூடியிருக்கும். மிஞ்சும் 24 சீட்டுகள் கையிருப்பு. சிவப்பின் மேல் கறுப்பும் கறுப்பின் மேல் சிவப்புமாக இறங்கு வரிசையில் அடுக்கிக்கொண்டே, மூடியவற்றைத் திறந்து, ஏஸ் தொடங்கி ராஜா வரை இஸ்பேடு முதலான நான்கு இனங்களையும் தனித்தனிக் கட்டுகளாக ஏற்றி முடிக்க வேண்டும். கையிருப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது எளிய வகை. மூன்று மூன்றாக எடுத்து மேலே இருப்பதை மட்டும் ஆடுவது கடினமானது.

என் தலைமுறை ஆசிரியர்களில் பலர் கணினியைத் தொட்டுப் பழகியதும் இந்த ஆட்டத்தின் வழியாகத்தான். 1990 மே மாதத்தில் விண்டோஸ் 3.0 வெளிவந்தபோது அதனுடனேயே சாலிடேரும் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பயிற்சி மாணவராக இருந்த வெஸ் செர்ரி அதை எழுதினார். சீட்டுகளின் தோற்றத்தை வடிவமைத்தவர் சூசன் கேர். மவுஸ் என்ற கருவி அன்று பலருக்கும் புதிது. ஒரு பொருளைப் பிடித்து, விடாமல் இழுத்து, வேண்டிய இடத்தில் விடுவது என்ற பழக்கத்தைச் சீட்டை நகர்த்துவதன் மூலம் விரல்கள் தாமாகவே கற்றுக்கொண்டன. எங்கள் பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது, மவுஸைப் பிடிக்கத் தயங்கிய மூத்த ஆசிரியைகளை நான் உட்கார வைத்ததும் இந்த ஆட்டத்தின் முன்னால்தான். ஒரு வாரத்தில் அவர்கள் மதிப்பெண் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். வென்றதும் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் திரை முழுவதும் சிதறும் காட்சியைப் பார்க்க மாணவிகள் என் நாற்காலிக்குப் பின்னால் கூடி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள உலக வீடியோ கேம் புகழ் மண்டபத்தில் இந்தச் சிறிய ஆட்டத்துக்கும் இடம் கிடைத்ததை மிகவும் தகுதியான சிறப்பாகவே கருதுகிறேன்.

அந்தப் பழைய சாலிடேருக்கு இணையம் தேவையில்லை, விளம்பரம் இல்லை, நேற்று ஏன் வரவில்லை என்று அது கேட்டதுமில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது கணினியுடன் சேர்ந்து வருவது நின்று, கிளாண்டைக், ஸ்பைடர், ஃப்ரீசெல், பிரமிட், டிரைபீக்ஸ் ஆகிய ஐந்தையும் ஒன்றாகக் கட்டிய ‘சாலிடேர் கலெக்‌ஷன்’ அதன் இடத்தைப் பிடித்தது. 2016இல் அது கைப்பேசிகளுக்கும் வந்தது. இலவசமாக ஆடுவோருக்கு இடையிடையே விளம்பரம் உண்டு. சந்தா கட்டினால் விளம்பரம் நீங்கும். ஐந்து ஆட்டங்களும் தெளிவான பெரிய சீட்டுகளோடு ஒரே இடத்தில் கிடைப்பதும், அன்றாடம் புதிய புதிர்கள் வருவதும் அதன் நிறைகள். இளையவர்களுக்கு அது பொருந்தும். என் தேடலோ இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கானது.

ஐந்திலும் எனக்கு உயர்ந்ததாகப் படுவது ஃப்ரீசெல். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். இதில் மூடிய சீட்டு என்று ஒன்றுமே கிடையாது. 52 சீட்டுகளும் எட்டு வரிசைகளில் தொடக்கத்திலேயே முகம் காட்டி நிற்கும். முதல் நான்கு வரிசைகளில் ஏழு ஏழு, அடுத்த நான்கில் ஆறு ஆறு. மேலே நான்கு காலி அறைகள் உண்டு. வழியை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சீட்டை அங்கே தற்காலிகமாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். எங்கள் ஊர் வீடுகளில் ஒரு கல்யாணம் என்றால், வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றிரண்டைக் காலி செய்து, சாமான்களை அங்கே மாற்றி வைத்து, வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவோம் அல்லவா, அதே முறைதான். நான்கு அறைகளும் நிரம்பிவிட்டால் எதையும் நகர்த்த இடமிராது. ஆகவே ஒன்றையாவது கடைசி வரை காலியாக வைத்திருப்பவரே வெல்கிறார்.

எத்தனை சீட்டுகளை ஒரே தொடராக நகர்த்தலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காலி அறைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள். முற்றிலும் காலியாக உள்ள வரிசை ஒவ்வொன்றுக்கும் அதை ஒரு முறை இரட்டியுங்கள். நான்கு அறைகளும் காலியாக இருந்து, வரிசை எதுவும் காலியாக இல்லையென்றால் ஐந்து சீட்டுகள். ஒரு வரிசை காலியானால் பத்து. காலி வரிசைக்கே கொண்டுபோய் வைப்பதானால் அந்த வரிசையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு காலி வரிசையின் மதிப்பு ஒரு காலி அறையின் மதிப்பைவிட எவ்வளவு பெரிது என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். வகுப்பில் அடுக்குக்குறிகளை நடத்தியபோது இந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இப்போது வருந்துகிறேன்.

ஃப்ரீசெல்லை இன்றைய வடிவில் முதலில் கணினிக்கு எழுதியவர் பால் அல்ஃபில். 1978ஆம் ஆண்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான பிளேட்டோ என்ற கல்விக் கணினி அமைப்பில் அவர் அதை எழுதினார். பின்னர் ஜிம் ஹார்ன் எழுதிய வடிவம் விண்டோஸ் 95 மூலம் உலகமெங்கும் பரவியது. அதில் 1 முதல் 32,000 வரை எண்ணிட்ட ஆட்டங்கள் இருந்தன. ஒரே எண்ணைக் கொடுத்தால் சென்னையிலுள்ள என் தம்பிக்கும் எனக்கும் அதே சீட்டுகள் அதே இடத்தில் விழும். 1990களில் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அந்த 32,000 ஆட்டங்களையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஆடி முடித்தபோது, யாராலும் வெல்ல முடியாமல் நின்றது 11,982ஆம் எண் ஆட்டம் ஒன்றே. பிற்காலத்தில் கணினிகளைக் கொண்டு தேடிப் பார்த்தும் அதற்கு வழி கிடைக்கவில்லை. பிந்தைய வடிவங்களில் உள்ள முதல் பத்து லட்சம் ஆட்டங்களை எடுத்துக்கொண்டாலும் தீர்க்க முடியாதவை எட்டுதான். ஆக, தோற்றால் அநேகமாக அது நம் பிழையே. எங்கே பிழைத்தோம் என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம். கணக்கு ஆசிரியைக்கு இதைவிட மனநிறைவு தரும் ஆட்டம் வேறொன்று இருக்க முடியாது.

கிளாண்டைக்கில் அந்த ஆறுதல் இல்லை. மூடிய சீட்டுகள் எல்லாம் எவை என்று முன்பே தெரிந்திருந்தால், மூன்று மூன்றாக எடுக்கும் வகையில் நூற்றுக்குச் சுமார் 82 ஆட்டங்கள் வெல்லக்கூடியவை என்று கணினி ஆய்வுகள் காட்டியுள்ளன. சீட்டு தெரியாமல் ஆடும் மனிதர் அதற்கு வெகு கீழேதான் நிற்கிறார். இதனால்தான் ‘பின்வாங்கும்’ பொத்தானைப் பற்றி என் கருத்து ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடுகிறது. ஃப்ரீசெல்லில் எத்தனை முறை வேண்டுமானாலும் பின்வாங்கலாம். எல்லாம் திறந்திருப்பதால் அதன் மூலம் புதிதாக எதையும் எட்டிப் பார்த்துவிட முடியாது, யோசனையைத் திருத்திக்கொள்கிறோம், அவ்வளவே. கிளாண்டைக்கில் ஒரு சீட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினால், பார்த்தது மனத்தில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு ஆடுவது வேறு ஆட்டம். பழைய விண்டோஸ் சாலிடேரில் ஒரே ஒரு படிதான் பின்வாங்க முடிந்தது என்பதை அந்நாளில் குறையாக நினைத்தேன். இப்போது அது சரியான அளவு என்று தோன்றுகிறது.

ஸ்பைடருக்கு இரண்டு சீட்டுக்கட்டுகள், அதாவது 104 சீட்டுகள் வேண்டும். பத்து வரிசைகளில் 54 சீட்டுகள் முதலில் விழும். மிஞ்சும் 50 சீட்டுகள் பத்துப் பத்தாக ஐந்து தவணைகளில் வந்து இறங்கும். ஒரே இனம், இரண்டு இனம், நான்கு இனம் என மூன்று நிலைகள் உண்டு. நான்கு இன ஆட்டத்தை நான் இந்த நான்கு மாதங்களில் மூன்று முறைதான் முடித்திருக்கிறேன். மடிக்கணினியில் ஆட அருமையான ஆட்டம். கைப்பேசியில் பத்து வரிசைகளையும் நிற்க வைத்தால் சீட்டு ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதை அளவாகச் சிறுத்துவிடுகிறது. கண்புரை அறுவை செய்துகொண்ட ஆத்தாவுக்கு அதைக் காட்டவே எனக்கு மனம் வரவில்லை. டிரைபீக்ஸ் விரைவாக முடியும். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஆத்தா கைப்பேசியைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “இதுல காசு ஏதும் போயிருமா?” என்பதுதான். சீட்டு என்றாலே காசு வைத்து ஆடி வீட்டை இழந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. சாலிடேரில் எதிராளியும் இல்லை, பந்தயமும் இல்லை என்று விளக்கிய பின்பே தொட்டார். பிரமிட் ஆட்டம் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. 28 சீட்டுகள் கோபுரம் போல ஏழு அடுக்குகளாக நிற்கும். கூட்டினால் 13 வரும் இரண்டிரண்டு சீட்டுகளாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஏஸ் ஒன்று, ஜாக்கி பதினொன்று, ராணி பன்னிரண்டு, ராஜா பதின்மூன்று என்பதால் ராஜாவுக்குத் துணை தேவையில்லை. வட்டிக் கணக்கை வாயாலேயே போட்டுப் பழகிய தலைமுறைக்கு இந்தக் கூட்டல் இயல்பாக வருகிறது. எட்டும் ஐந்தும் எங்கே இருக்கின்றன என்பதை என்னைவிட விரைவாக அவர் கண்டுபிடிக்கிறார்.

ஆனால் நான் முதலில் இறக்கிக் கொடுத்த செயலியைப் பற்றி எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு. இலவசமாகக் கிடைத்த ஒன்று. பெயர் வேண்டாம், அதைப் போன்றவை ஏராளமாக இருக்கின்றன. ஆட்டம் முடியும் ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் மூடும் விளம்பரம் வந்தது. அதை மூடும் பெருக்கல் குறி, மேல் மூலையில் எள்ளளவுக்கு, வெளிறிய நிறத்தில் இருந்தது. ஆத்தாவின் விரல் அதன் பக்கத்தில் பட்டவுடன் வேறு ஏதோ பக்கம் திறந்தது. அவற்றில் ஒன்று, காசு வைத்து ஆடும் ரம்மிக்கு அழைப்பு. காசு போகாது என்று நான் வாக்குக் கொடுத்த கைப்பேசியில் அது வந்து நின்றபோது நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. இணையவழிப் பண விளையாட்டுகளால் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்டுதான் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அப்படியிருக்க, முதியவர் ஒருவர் பொழுதுபோக்குக்காக ஆடும் சீட்டின் நடுவே அந்த வலையை விரிப்பதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

விளம்பரம் வராமல் இருக்கட்டும் என்று இரண்டாம் கட்டிலேயே அதைத் திறந்தேன். அங்கே இணையம் கிடைக்காததால் செயலி வட்டமடித்துக்கொண்டே நின்றது, ஆட்டத்துக்குள் போகவில்லை. முகப்புக்கு வந்தால் விளம்பரம், உள்ளே போனால் முடக்கம். அன்றே அதை நீக்கிவிட்டேன். செயலியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை இதுதான்: இறக்கிய உடனே கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், அப்போதும் முழுமையாக ஆட முடிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்புப் பட்டியலையோ இருப்பிடத்தையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். சீட்டு ஆட அவை எதற்கும் தேவையில்லை.

இந்தச் சோதனையில் முழுமையாகத் தேறியது பைசால் எஃப்சி. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் இது. விலை இல்லை, விளம்பரம் இல்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனிச்சீட்டு ஆட்டங்கள் உள்ளே இருக்கின்றன. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. முதலில் பார்ப்பவருக்கு அதன் பட்டியலின் நீளமே மலைப்பைத் தரும். தோற்றமும் பழைய பாணியில்தான் இருக்கிறது. பிடித்த நான்கைந்து ஆட்டங்களை மட்டும் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். லினக்ஸ் கணினி வைத்திருப்போருக்கு ஐல்ரயட் என்ற மற்றொரு கட்டற்ற மென்பொருள் உண்டு. எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களோடு, இன்னும் எளிமையாக, சீட்டுகளைப் பெரிதாகக் காட்டுகிறது. இரண்டையும் தன்னார்வலர்கள் ஆக்கிப் பேணி வருகிறார்கள் என்பதை நினைக்கும்போது அவர்கள் மேல் மிகுந்த நன்றி உண்டாகிறது.

அசல் சீட்டையே கையில் பிடித்து ஆடினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அதன் சுகம் தனி என்பதை ஐயாவைப் பார்த்தவள் என்ற முறையில் நானும் அறிவேன். ஆயினும் ஒரு கட்டைச் சரியாகக் கலைக்க, இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி உதிர்க்கும் முறையில் ஏழு தடவை கலைக்க வேண்டும் என்று பெர்சி டயாகோனிஸ், டேவ் பேயர் என்ற இரு கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். விரல் மூட்டுகள் வீங்கிய ஆத்தாவுக்கு ஒரு தடவையே கடினம். தரையில் குனிந்து பரப்பவும் அவரால் இயலாது. திரையில் ஒரு தட்டில் கட்டு கலைந்து விழுகிறது. அவரைப் போன்றவர்களுக்கு இந்த ஆட்டம் இன்னும் எட்டும் தொலைவில் இருப்பதற்குக் கணினிதான் காரணம்.

இப்போது மடிக்கணினியை இரண்டாம் கட்டில் சாய்வு நாற்காலிக்கு அருகே ஒரு முக்காலியின் மேல் வைத்திருக்கிறேன். இழுப்பதற்குப் பதிலாகச் சொடுக்கி ஆடும்படி அமைத்து, நேரக் கணக்கையும் ஒலியையும் அணைத்துவிட்டேன். மணித்துளி ஓடுவதைக் கண்டால் ஆத்தா பதறுகிறார். காலை இட்லி முடிந்ததும் இரண்டு பிரமிட், பிற்பகல் உறக்கத்துக்குப் பின் ஒற்றைச் சீட்டு எடுக்கும் கிளாண்டைக் ஒன்று என்று அவரே ஒரு முறை வகுத்துக்கொண்டிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மேல் அது எனக்கு. தம்பி சென்னையிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல, நான் இங்கே அதே எண்ணில் ஃப்ரீசெல் ஆடுகிறேன். நேற்று அவன் தந்த ஆட்டத்தில் இஸ்பேடு ஏஸ் ஆறு சீட்டுகளுக்கு அடியில் சிக்கியிருக்கிறது. மூன்று அறைகள் நிரம்பிவிட்டன, இன்னும் வழி புலப்படவில்லை.